சாளைக்கூட்டத்துக்கு ஒரு சட்டம்

ப்ர்ர்ர்... ப்ர்ர்ர்ர்... டிக், டிக், டிக்.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சங்குமுனை அரசன் மாறவேள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். நல்ல காற்று வரட்டும் என்று அவனுடைய பள்ளியறையைக் கடலுக்குள் நீட்டிக் கட்டியிருந்தார்கள். கற்றூண்கள் எல்லாம் தண்ணீரில் நின்றன. அந்தத் தூண்கள் வழியாகத்தான் சத்தம் ஏறி வந்தது.

"யாரங்கே! இளவரசன் பயப்படுகிறான்!" என்று கத்தினான்.

இளவரசன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விரலைச் சப்பியபடி தொட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓடிவந்த நல்லமங்கை தொட்டிலைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். எது நடுங்குகிறது என்று தெரிந்துவிட்டது. ராணியின் தோழியாக வந்து, வாய்த்துடுக்கால் சபையில் ஆசனம் பிடித்தவள் அவள். அந்த வாயை எப்போது மூடவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். பேசாமல் ஜன்னலோரம் போய்க் கீழே எட்டிப்பார்த்தாள்.

விடிவதற்குள் தளபதி ஓர் ஆளைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்துவிட்டான். தளபதியின் பெயர் கடாரங்கொண்டான். ஆனால் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

"இவன்தான் அரசே! இருட்டில் கட்டுமரத்தோடு அரண்மனைக்குக் கீழே நின்றான். மூங்கிலை ஊதி உங்களை... அதாவது, இளவரசரைப் பயமுறுத்தியிருக்கிறான்."

"ஐயோ சாமி, வலை போட வந்தேன். ஊதத் தெரிஞ்சா கோயில்ல நாயனம் ஊதிப் பொழச்சிருக்க மாட்டேனா?" என்று அழுதான் கட்டுமரக்காரன் சாத்தன். வாசலில் அவன் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள்.

"தலையை எடு!" என்றான் அரசன்.

நல்லமங்கை எழுந்தாள். "அரசே, சத்தம் போட்டது யார் என்று இன்றிரவு நான் காட்டுகிறேன். அதுவரை இந்தத் தலை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்."

"காட்டாவிட்டால் அவன் தலை போகும். உன் ஆசனமும் போகும்."

அன்றிரவு தீவட்டி கட்டிய ஒரு தோணியில் அரசனையும் தளபதியையும் ஏற்றிக்கொண்டு பள்ளியறைக்குக் கீழே போனாள். தளபதி இரண்டு கையாலும் தோணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நல்லமங்கை துடுப்பைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கினாள்.

"இதன் மேல்முனையில் காதை வையுங்கள் அரசே."

அரசன் வைத்தான். ப்ர்ர்ர்ர்! துள்ளி விழுந்தான்.

"இப்போது தண்ணீரைப் பாருங்கள்."

கீழே ஒரு பெரிய கூட்டம் வெள்ளி உருகி ஓடுவதுபோல் மின்னிக்கொண்டு திரும்பியது. சத்தம் வரும்போதெல்லாம் மணிமணியாகக் குமிழிகள் கிளம்பின.

"சாளை மீன்கள், அரசே."

"பிடி! விசாரிக்க வேண்டும்!" என்றான் தளபதி.

கைவலையால் கொஞ்சம் அள்ளிப் போட்டாள். நாலு துடிப்பு, அவ்வளவுதான்.

"இந்தச் சாதி தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் செத்துவிடும், தளபதியாரே. உங்கள் விசாரணைக்கு அவ்வளவு பயம்."

ஒன்றை நகத்தால் கீறி உள்ளே இருந்த சவ்வுப்பையைக் காட்டினாள். "மேலே வந்து காற்றை விழுங்கி இதில் வைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு வாசல் உண்டு. அது பின்பக்கம் இருக்கிறது."

அரசன் முகம் மாறியது. "அப்படியென்றால்... குசுவா?"

"இருட்டில் ஒன்றையொன்று பார்க்கமுடியாது. தனியாகப் போய்விட்டால் பெரிய மீன் விழுங்கிவிடும். அதனால் 'நான் இங்கேதான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?' என்று கேட்டுக்கொள்கின்றன. 'யாரங்கே' என்று நீங்கள் வாயால் கேட்பதை அவை வேறு வழியாகக் கேட்கின்றன, அரசே."

அரசனுக்கு அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. மீன் விட்ட காற்றுக்காகவா சேனையை எழுப்பினோம்!

தளபதி உடனே பிடித்துக்கொண்டான். "அரசர் காதுபடக் காற்று விடுவது ராஜத் துரோகம்! சட்டம் போடுங்கள். இந்த மீன்களுக்குக் கூட்டாளி சாத்தன்தான்!"

"போட்டேன்!" என்றான் அரசன். "இனி இருட்டியபின் அரண்மனையில் அந்தச் சத்தம் கேட்டால், விட்டவன் தலை அங்கேயே போகும். விட்டது யாரென்று தெரியாவிட்டால் சாத்தன் தலை போகும்."

"விட்டவர் யாராக இருந்தாலுமா, அரசே?" என்று கேட்டாள் நல்லமங்கை.

"யாராக இருந்தாலும்!"

மறுநாள் அந்தி விருந்தை நல்லமங்கையே முன்நின்று பரிமாறினாள். மழைக்காலத்துச் சாளை, கொழுப்பு ஏறியது. எண்ணெய் விடாமலே சட்டியில் பொரிந்தது. தொட்டுக்கொள்ள மொச்சைக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

"எதிரியைத் தின்பதுபோல இருக்கிறது. இன்னும் போடு!" என்றான் அரசன். போட்டாள். மொச்சையைக் கூடவே போட்டாள்.

இருட்டியது. பள்ளியறை வாசலிலேயே தளபதியை உருவிய வாளோடு நிறுத்தினாள். "இங்கேதான் நன்றாகக் கேட்கும், தளபதியாரே. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்."

சற்று நேரத்தில் கதவு இடுக்கில் அரசனின் முகம் தெரிந்தது. நெற்றி வியர்த்திருந்தது.

"நல்லமங்கை... அவன் அங்கேயேவா நிற்கிறான்?"

"அசையமாட்டேன் அரசே!" என்றான் தளபதி. "எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் ஒரே வெட்டு!"

அரசன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். "அந்தச் சட்டம்... கொஞ்சம் கடுமையோ?"

"காலையில் சபையைக் கூட்டிப் பேசலாமே" என்றாள்.

"காலைவரை தாங்காது!"

"எது தாங்காது அரசே?" என்றான் தளபதி.

"நீ பேசாதே! சட்டம் ரத்து. சாத்தனை நீயே போய் அவிழ்த்துவிடு. ஓடு!"

தளபதி வாளோடு ஓடினான். அரசன் நல்லமங்கையை முறைத்தான். பரிமாறிய கை எதுவென்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்த நிலையில் சிரிப்பு ஆபத்து. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி இடுக்கு வழியாக அவள் கையில் திணித்தான்.

"சட்டம் ரத்தானதை முரசறைந்து ஊருக்குச் சொல்லவேண்டுமே, அரசே. மெதுவாக அடிக்கச் சொல்லட்டுமா, பலமாகவா?"

"பலமாக! முடிந்தமட்டும் பலமாக! இந்த ஜன்னலுக்குக் கீழேயே வந்து அடிக்கச் சொல்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.