குஞ்சரத்தம்மையாரும் ஏடு சாத்திய பிள்ளைகளும்

குஞ்சரத்தம்மாள் என்பது அவர் பெயர். திருமணற்பாடி என்னும் ஊரில் மணற்பாடீசர் திருக்கோயிலில் விளக்குத் துலக்கும் தொண்டினை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்தார். விடியுமுன் குளத்தில் முழுகி, நெற்றியில் நீறு பூசி, இடுப்பில் செருகிய சாவியால் விளக்கறையைத் திறப்பார். முந்திய நாள் எண்ணெய்ப் பிசுக்கேறிய சரவிளக்குகளையும் குத்துவிளக்குகளையும் கைவிளக்குகளையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவார். கை துலக்கும்போது வாய் பதிகம் பாடிக்கொண்டிருக்கும். காதால் கேட்டே நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அவர் நெஞ்சில் இருத்தியிருந்தார். பகலில் கடைத்தெரு உணவு விடுதியொன்றில் பாத்திரம் கழுவி உயிர் வாழ்ந்தார். மாலை நான்கு மணிக்கு மீண்டும் கோயிலுக்கு வந்துவிடுவார். தொண்டிற்கு ஊதியம் கேட்டவர் அல்லர்.

"என் கையால பிழையில்லாம முடியிற காரியம் இது ஒண்ணுதான்" என்று அவர் சொல்வதுண்டு.

அவ்வாறு அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இளமையில் ஐந்தாம் வகுப்பு வரை அவர் பள்ளிக்குச் சென்றவர். எழுத்துகளைத் தனித்தனியே கேட்டால் சொல்லிவிடுவார். அவை சொல்லாகக் கூடும்போது ஒன்று முந்தும், ஒன்று மறையும். காதில் பின்னால் விழும் ஒலிக்குரிய கொம்பு தாளில் முன்னால் நிற்பது அவருக்குப் பெரும் குழப்பம். மெல்ல மெல்லப் படிக்கப் பழகினார். பிழையின்றி எழுதுவது மட்டும் கைகூடவில்லை. அறிவில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் வகுப்பில் மந்தம் என்னும் பெயரே நிலைத்தது.

திருமணற்பாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஆனி மாத முழுமதி நாளில் ஊர்ப் பிள்ளைகள் பதிகப் பாடல் ஒன்றைத் தம் கையால் ஒரு தாளில் எழுதி வருவர். அதனை ஏடு என்றே வழங்குவர். குருக்கள் அந்த ஏடுகளைச் சுவாமியின் திருவடியில் சாத்துவார். பிழையுள்ள ஏட்டைச் சாத்துவதில்லை. சிறுமியாக இருந்தபோது குஞ்சரத்தம்மாள் கொணர்ந்த ஏட்டை, அக்காலத்தில் சரிபார்த்தவர் எழுதியிருந்தவாறே உரக்கப் படித்துக் காட்டினார். மண்டபம் சிரித்தது. அன்று முதல் அவர் தாளில் பேனா வைத்ததில்லை. வேண்டுமிடங்களில் பெருவிரல் ரேகை இட்டார்.

விலக்கப்பட்ட ஏடுகளை ஒரு கூடையில் இடுவார்கள். விழா முடிந்ததும் அவற்றைக் குளத்தில் கரைக்கும் பணியும் குஞ்சரத்தம்மையாருடையதே. ஓர் ஆண்டு, வழக்கம்போல் கரைக்கும் முன் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். நான்கு ஏடுகளின் கையெழுத்து அவருக்குப் பழக்கமாயிருந்தது. மூன்று ஆண்டுகளாக அதே நால்வர். ஒன்றில் எழுத்துகளை அஞ்சி அழுத்தியதால் தாளே கிழிந்திருந்தது. அந்த நான்கையும் அவர் நீரில் விடவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு, எழுதிய பிள்ளைகளைத் தேடிச் சென்றார்.

கிழிந்த ஏட்டிற்கு உரியவள் தையல்நாயகி என்னும் பத்து வயதுச் சிறுமி. சைக்கிள் கடை ரத்தினவேலின் மகள்.

"எனக்கு எழுத வராது அத்தை. டீச்சரே சொல்லிட்டாங்க" என்றாள் அவள்.

"எனக்கும்தான் வராது. வா, ரெண்டு பேரும் வராமயே எழுதிப் பார்ப்போம்" என்றார் அம்மையார்.

சிறுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் மாலை விளக்கறைக்கு வந்தாள். மற்ற மூவரும் அவள் பின்னால் வந்தனர்.

அம்மையார் கற்பிக்கவில்லை என்பதே உண்மை. அவர் பிள்ளைகளோடு சேர்ந்து தேடினார். பித்தளைத் தாம்பாளத்தில் சலித்த சாம்பலைப் பரப்பி வைப்பார். ஒரு மாலைக்கு இரண்டே சொற்கள். முதலில் அச்சொல்லைப் பாட வேண்டும். பிறகு கை தட்டி அசை அசையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் ஒலியையும் வாய் சொல்லும்போதே விரல் அதனைச் சாம்பலில் பெரிதாக எழுத வேண்டும். பின்பு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் எழுத வேண்டும்.

"தப்பாப் போனா?" என்று முதல் நாளே கேட்டாள் தையல்நாயகி.

"அழிச்சுடலாம். சாம்பல் யார்கிட்டயும் போய்ச் சொல்லாது."

இன்னும் ஒரு முறையை அவர் வகுத்திருந்தார். எழுதி முடித்தவுடன் சரியா என்று அவரைக் கேட்டல் ஆகாது. எந்த எழுத்தில் ஐயம் தோன்றுகிறதோ அதன்மேல் எழுதிய பிள்ளையே ஒரு வில்வ இலையை வைக்க வேண்டும். அதன் பின்னரே அச்சிட்ட பதிகப் புத்தகத்தைத் திறந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் ஒரு பையன் எல்லா எழுத்துகளின் மேலும் இலை வைத்தான். அம்மையாரும் தம் தாம்பாளத்தில் எழுதி இலை வைப்பார். சில நாள்களில் அவருடைய இலைகளே மிகுதியாயிருந்தன.

"அத்தை, உங்க தட்டு வில்வ அர்ச்சனை மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் கேலி செய்தனர். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இதற்கிடையே பிள்ளைகளுள் ஒருவனை அவன் தாய் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவர் சோதித்துப் பார்த்து, இதற்கு 'டிஸ்லெக்சியா' என்று பெயர், இது சோம்பலும் அன்று, அறிவுக் குறைவும் அன்று, மூளை எழுத்தைக் கையாளும் வழி வேறாக இருப்பதே என்று விளக்கினார். ஒலியோடு சேர்த்து விரலால் எழுதிப் பழகுவது நல்லது என்றும் சொன்னார். அந்தத் தாய் கோயிலுக்கு வந்து இதனைச் சொன்னபோது குஞ்சரத்தம்மையார் கேட்டுக்கொண்டே ஒரு குத்துவிளக்கின் தண்டினை நெடுநேரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஒரு பேரு இருக்கா" என்று மட்டும் கேட்டார்.

கோயில் விழாக் குழுவின் செயலாளர் நடனசிகாமணி என்பவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பதிகங்களில் ஆழ்ந்த பற்றுடையவர். ஏடுகளைச் சரிபார்ப்பவரும் அவரே. விளக்கறைக்குள் நான்கு பிள்ளைகள் சாம்பலில் கை வைத்திருப்பதைக் கண்டு வாயிலில் நின்றார்.

"என்ன குஞ்சரம், விளக்கறை கான்வென்ட் ஆயிடுச்சா? கைநாட்டு டீச்சரு, சாம்பல் சிலேட்டு. பேஷ், ஃபீஸ் எவ்வளவு?"

"வெளக்கு எல்லாம் தொலக்கியாச்சுங்க ஐயா" என்றார் அம்மையார்.

"வெளக்கைக் கேக்கல. வராத பிள்ளைங்களுக்கு வரும் வரும்னு ஆசை காட்டுறியே, நாளைக்கு மண்டபத்துல அதுங்க அழுதா யாரு பதில் சொல்றது? இந்த ஆனிக்கு இந்த நாலு ஏட்டுல ஒண்ணுல பிழை வந்தாலும் விளக்கறைச் சாவியக் குடுத்துடணும். சம்மதமா?"

அம்மையார் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதனை இழந்தால் தமக்கு வேறொன்றும் இல்லை என்பதை அவர் அறிவார். "சரிங்க ஐயா" என்றார். செயலாளர் குரல் கேட்டதுமே பிள்ளைகள் எழுந்து வீட்டிற்கு ஓடிவிட்டிருந்தனர். அவர்களிடம் அவர் இதனைச் சொல்லவில்லை. அச்சம் புகுந்தால் தாள் மீண்டும் கிழியும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனி முழுமதி நாள் வந்தது. மண்டபத்தில் மேசையிட்டு நடனசிகாமணி அமர்ந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்று ஏடுகளை நீட்டினர். விளக்கறைப் பிள்ளைகளில் மூவருடைய ஏடுகளை அவர் இருமுறை பார்த்தார். பிழை இல்லை. நான்காவதாகத் தையல்நாயகி நின்றாள். அவள் எழுதியிருந்தது அவருக்கு மிக உவப்பான பாடல். முதல் வரியைக் கண்டதும் அவர் வாய் தானாகவே முணுமுணுத்தது, தலை அசைந்தது, கடைசி வரி வரை பண்ணோடு பாடி முடித்தார்.

"சரியா இருக்கு. போ" என்றார்.

தூணருகில் நின்ற குஞ்சரத்தம்மையார் மூச்சு விட்டார். அவர் பாடியபோது தாளில் எழுத்தெழுத்தாகக் கண்ணோட்டிய தையல்நாயகி நகரவில்லை.

"சார், மூணாவது வரியில ஒரு தப்பு இருக்கு."

ரத்தினவேல் பின்னாலிருந்து மகளின் தோளைத் தொட்டு, "சும்மா இரு புள்ள" என்றார்.

"நான்தான் பார்த்தேனேம்மா. ஒண்ணும் இல்ல" என்றார் செயலாளர்.

"நீங்க பாடினீங்க சார். பார்க்கல."

நடனசிகாமணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஏட்டை அருகில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் வரியில் ஓர் எழுத்து தவறியிருந்தது. பாடல் மனப்பாடமாக இருந்தமையால் அவர் கண் அதனைத் தாண்டிப் போயிருந்தது.

சிறுமி மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள். அந்தச் சொல்லை மெல்ல வாய்விட்டுச் சொல்லி, தவறிய எழுத்தை ஒரு கோட்டால் அடித்து, சரியான எழுத்தை அதன் மேலே எழுதினாள். தாள் கிழியவில்லை.

"இப்ப சரி" என்றாள்.

"திருத்தினாலும் பிழை பிழைதான். அடிச்ச ஏட்டைச் சாத்துற வழக்கம் இங்க இல்ல" என்றார் செயலாளர். அவர் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

குஞ்சரத்தம்மையார் முன்வந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதானுங்களே" என்றார். அப்போதுதான் தையல்நாயகிக்கு நடந்தது விளங்கிற்று.

"அத்தை, நான் சொல்லாம இருந்திருக்கணுமா?"

"அப்படி நெனைக்காத. யாரும் காட்டாம நீயே பார்த்தியே, அதுக்குத்தானே தெனம் இலை வெச்சோம்."

சந்நிதி வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுவாமிநாத குருக்கள் இறங்கி வந்தார்.

"வழக்கம் இல்லேங்கறேள். நான் இருக்குன்னு சொல்ல முடியாது. ஏடு யாருக்கோ அவாளையே கேட்டுடலாமே" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஐயம் எழுந்தால் அவ்வூரார் செய்வது அதுவே. நந்தியாவட்டைப் பூ ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து நூல் சுற்றிச் சுவாமி முன் குலுக்கிப் போட்டார் குருக்கள். வெள்ளை வந்தால் சாத்தலாம். சிவப்பு வந்தால் ஆகாது. கூட்டத்தில் இருந்த மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது.

"இன்னொரு தரம் பார்த்துடுவோம்" என்றார் நடனசிகாமணி. மறுபடியும் வெள்ளையே வந்தது. மூன்றாம் முறை அவரே குனிந்து, இரண்டு பொட்டலங்களையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தார். நூலைப் பிரித்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டி எல்லோருக்கும் காட்டினார். அதில் இருந்தது நந்தியாவட்டை.

திருத்தம் மேலே தெரியும்படியாகவே குருக்கள் அந்த ஏட்டைத் திருவடியில் சாத்தித் தீபம் காட்டினார். பிழையற்ற ஏடுகளைப் பல்லாண்டு ஏற்ற ஈசன், தன் பிழையைத் தானே கண்டு திருத்திய ஏட்டினையும் உவந்து ஏற்றருளினான். அதற்கு வழிகாட்டிய அம்மையாரின் அன்பு ஊரார் அறிய விளங்கிற்று.

நடனசிகாமணி சாவியை எடுத்து இரண்டு கைகளாலும் அம்மையாரிடம் நீட்டினார்.

"பாட்டு தெரிஞ்சதால பிழை தெரியாமப் போச்சும்மா எனக்கு. அடுத்த வருஷத்துலேருந்து ஏடு பார்க்க நீங்களும் பக்கத்துல உக்காரணும்" என்றார். அதுவரை அவர் அம்மையாரை நீங்கள் என்று அழைத்ததில்லை.

அம்மையார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மேசைமேல் எழுதாத தாள்கள் சில எஞ்சியிருந்தன. அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பார்க்கறது இருக்கட்டுங்க ஐயா. எனக்கு ஒரு தாள் குடுங்க. வர்ற ஆனிக்கு நானும் எழுதிக் கொண்டாறேன்" என்றார்.