அதிரசத்தை நிறுத்திய அரசாணை

அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கிட்டே சொல்கிற கதை இது. கூடை நிறையக் காய் இருக்கு, புள்ளை அத்தை இடுப்புல இருக்கு, அவசரமில்லை.

ஒரு காலத்தில் கொன்றையூர் நாட்டை மகுடசேனன் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் தும்மல் வந்தால் ஒரு சட்டம் போடுவார், தும்மல் நின்றால் அதை மாற்றி இன்னொரு சட்டம் போடுவார். எத்தனையாவது ஆட்சியாண்டு, என்ன ஆணை, எந்தப் பிரிவு என்று எல்லாவற்றையும் ஓலையில் எழுதி, ஓலை அறையில் கட்டுக் கட்டாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அறைக்குள் போய்ப் பிரித்துப் படிக்கிற ஒரே ஆள் மந்திரி நம்பிராயர்.

சபைப் பண்டிதர் கச்சபேசருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எதற்கெடுத்தாலும் ராஜா "நம்பி, நீ என்ன சொல்றே?" என்று கேட்டால், பண்டிதருக்கு வயிறு எரியும். ராஜா தன் பக்கம் திரும்பவேண்டும் என்று 'ராஜசட்டப் பெருவிளக்கம்' என்று தடிமனாக ஒரு நூல் எழுதினார். ஓலை அறையில் தூசி அதிகம் என்று அந்தப் பக்கமே போகவில்லை. மாமனார் எப்போதோ எழுதி வைத்ததைப் பார்த்து எழுதிவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் 'அரசர் சட்டம் சொல்கிறது' என்றிருக்கும். எந்த ஆண்டுச் சட்டம், எந்தப் பிரிவு, இன்னும் நடப்பில் இருக்கிறதா, ஒன்றும் இருக்காது.

ராஜா நூலைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. மகிழ்ந்துபோனார்.

"அடடா! இனி இதில் இருப்பதுதான் சட்டம். இதைக் குறை சொல்கிறவன் நாக்கு அறுபடும்!"

பண்டிதர் பட்டுச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "பிரபு, தெருவில் கூவி விற்பவரை நாடு கடத்தவேண்டும் என்று தங்கள் சட்டம் சொல்கிறது. ஆனால் பேச்சாயி என்ற மோர்க்காரி தினமும் கூவுகிறாளே!" அவள் குரலில் தன் மத்தியானத் தூக்கம் கெடுவதை அவர் சொல்லவில்லை.

"அப்படியா? நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டட்டும்!"

பேச்சாயி இடுப்பில் பிள்ளையோடு மந்திரி வீட்டுக்கு ஓடிவந்தாள். "சாமி, கூவாம வித்தா யாருக்குத் தெரியும் மோர் வந்திருக்குன்னு? ரெண்டு புள்ளைங்களோட நான் எந்த ஊருக்குப் போவேன்?"

நம்பிராயருக்கு விஷயம் தெரியும். அந்தச் சட்டம் எப்போதோ செத்துப்போனது. ஆனால் நூல் தப்பு என்று சொன்னால் நாக்கு போய்விடும். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"மூட்டை கட்டாதே தாயி. நாளைக்கு ராஜா சாப்பிடுற நேரத்துல குடத்தோட அரண்மனை வாசல்ல வந்து நில்லு."

மறுநாள் பந்தி. ராஜாவுக்குப் பக்கத்தில் பண்டிதர். சுடச்சுட அதிரசம் வந்தது. ராஜா கையை நீட்டினார். நம்பிராயர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"ஏய் நம்பி! என்ன விளையாட்டு இது?"

"மன்னிக்கணும் பிரபு. அரசர் இனிப்பைத் தொடக்கூடாது என்று அரசர் சட்டம் சொல்கிறது."

"எந்தச் சட்டம்?"

"அரசர் சட்டம்."

"அதுதான் எந்தச் சட்டம்னு கேக்கறேன்! எந்த வருஷத்து ஆணை? எந்தப் பிரிவு?"

"அதெல்லாம் எதற்கு பிரபு? நான் பண்டிதர் எழுதுகிற முறைப்படி சொல்கிறேன். உயர்ந்த முறை. குறை சொன்னால் நாக்கு அறுபடும்."

ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அது நான் பட்டத்துக்கு வந்த நாலாம் வருஷம் பல்வலியில போட்டது! பல்லைப் பிடுங்கின அன்னைக்கே ஆணையையும் பிடுங்கிட்டேனே! வருஷமும் பிரிவும் சொல்லாம, மாத்தினதையும் பார்க்காம, சட்டம் சொல்லுது, சட்டம் சொல்லுதுன்னா, யார் வேணும்னாலும் என் வாயைக் கட்டலாமே!"

"கட்டலாம் பிரபு. நாட்டை விட்டும் துரத்தலாம்."

ராஜா மெதுவாகப் பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"ஓய், கூவுகிறவரை நாடு கடத்தும் சட்டம் எந்த வருஷத்தது?"

பண்டிதர் அப்பளத்தைப் பார்த்தார். "அது... மாமனார் ஏட்டில்..."

"நம்பி, நீ சொல்லு."

"பத்தாம் ஆட்சியாண்டு, தெருக்கூவல் ஆணை, இரண்டாம் பிரிவு. மகாராணி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, அரண்மனை வீதிக்கு மட்டும் போட்டது. இளவரசர் பிறந்ததும் பதினொன்றாம் ஆட்சியாண்டு நீக்கல் ஆணை, முதல் பிரிவால் நீக்கிவிட்டீர்கள். இளவரசர் இப்போது குதிரை ஏறுகிறார்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அதிரசத் தட்டையே நம்பிராயர் கையில் கொடுத்தார். "பேச்சாயி இங்கேயே இருக்கட்டும், தொண்டை கிழியக் கூவட்டும். அந்தப் பட்டுச் சால்வை அவள் பிள்ளைக்குத் தூளி கட்ட! பண்டிதரே, ஒரு மாதம் அவளோடு போய் நீரும் கூவும். எந்தச் சட்டப்படி கூவுகிறீர் என்று ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்லவேண்டும்."

அன்றைக்கே, வாசலில் காத்து நின்ற பேச்சாயியின் மோர்க்குடம் கச்சபேசர் தலையில் ஏறியது.

"நீக்கல் ஆணை, முதல் பிரிவின்படி, மோரு... மோரே..."

பேச்சாயி பின்னாலிருந்து கத்தினாள். "சாமி! வருஷத்தை விட்டுட்டீங்க! மொதல்லேர்ந்து சொல்லுங்க!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இவ்வளவு மோர் பேச்சாயி ஒருநாளும் விற்றதில்லை. மாடத்தில் நின்ற ராஜாகூட ஒரு சொம்பைக் கயிற்றில் கட்டி இறக்கி, "ஓய் பண்டிதரே, எனக்கும் கொஞ்சம் பெருங்காயம் தூக்கலா" என்று... இதோ வந்துட்டேன் அத்தை, புள்ளைய இறக்கி விட்டுடாதீங்க, கையைக் கழுவிட்டு வர்றேன்.