ஸ்பீக்கரில் வந்த உண்மை

கொரோனா நேரம். விசைத்தறி முதலாளி நாச்சிமுத்து கூடமே அதிரக் கத்தினார்: "ஊசிக்குள்ள சிப் வெச்சிருக்கான்! போட்டவனை எங்கிருந்தோ ஆட்டி வெப்பான். ஊசி முகாமுக்குப் போறவனுக்கு இங்க வேலை கிடையாது!"

நூல் சுற்றும் தாமரை புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயே தறி ஓட்டும் வேலப்பன் ஆஸ்துமாக்காரன். அவனுக்கோ முதலாளி சொல்தான் வேதம்.

"சிப்பெல்லாம் இல்லைங்க மொதலாளி" என்றாள் தாமரை.

"அப்ப நிரூபி, பாக்கலாம்!"

"நானெதுக்குங்க? நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க."

முதலாளி ஊசி போட்டவர் மாதிரி இடது தோளைத் தடவிக்கொண்டு திரிந்ததை அவள் பார்த்திருந்தாள். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, போனை அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

மறுநாள் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. முதலாளியின் போன் அடித்தது. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் தாமரை, கழிவறைக்குள்ளிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி மூக்கால் பேசினாள்: "சார், நர்ஸ் பேசறேன். ரெண்டாவது ஊசி போட்டீங்களா?"

"குடும்பத்தோட போட்டாச்சும்மா! ஆளுங்களுக்குத்தான் வேண்டாம். ரெண்டு நாள் காய்ச்சல்னு படுத்துட்டா தறி நின்னுரும்."

தாமரை ஓடி வந்தாள். "எல்லாரும் கேட்டீங்களா?"

வேலப்பன் முதலாளியைப் பரிதாபமாகப் பார்த்தான். "கேட்டோம் புள்ள. பாவம், மொதலாளியவே புடிச்சுட்டானுங்க. உள்ளயிருந்து சிப்புதான் பேசுது."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு நொடி யோசித்து, முதலாளியும் வேகமாகத் தலையாட்டினார்.

முகாமுக்குத் தாமரை மட்டும் போனாள். வேலையும் போனது.

பதினெட்டாம் நாள், மூச்சு வாங்கிய வேலப்பனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். "ஊசி போட்டிருக்காரா?" என்று நர்ஸ் கேட்டாள், அதே மூக்குக் குரலில்.

ஊரார் குரலெல்லாம் பேசும் தாமரைக்கு, இல்லை என்று சொல்லத் தன் குரல் வரவில்லை.