காசியில் விட்டது

கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம். அந்த மடத்துக் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் சிற்றம்பலத்துக்கு அறுபத்து நாலு. குரு திருச்சியைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. சீடரோ காசிக்கு மட்டுமே ஆறு தடவை போய்வந்த ஆள்.

அந்தக் குருவுக்கு ஒருநாள் காசி பார்க்கும் ஆசை வந்தது. சிற்றம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"வழியை என்கிட்ட விட்டுடுங்க சாமி. நீங்க பேசாம வந்தா போதும்."

"பேசாம வர்றது எனக்குச் சுலபம்" என்றார் குரு.

சிற்றம்பலத்திடம் ஒரு நோட்டு இருந்தது. பயணிகளுக்கான குறிப்புகள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. துணி உலர்த்த ஐந்து முழக் கயிறு எடுத்துக்கொள். பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டு. கோயில் வாசலில் செருப்பை ஜோடியாக விடாதே. ஒன்றை இங்கேயும் இன்னொன்றைப் பத்தடி தள்ளியும் விடு, திருடன் ஒற்றைச் செருப்பை எடுக்கமாட்டான். எல்லாமே உருப்படியான குறிப்புகள்தான். அதைக் குறை சொல்ல முடியாது.

இந்தத் தடவை அவருடைய மனைவி செண்பகவல்லியும் கூட வந்தாள். முந்தின ஆறு தடவையும் அவர் ஆபீஸ் நண்பர்களோடு போனார். இவள் புளியோதரை கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று கையசைத்தாள். முப்பது வருஷமாகக் கட்டிக் கொடுத்தவளுக்கு, அதை ரயிலில் உட்கார்ந்து சாப்பிடும் யோகம் இப்போதுதான் வாய்த்தது. ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஆத்தைப் பாருங்களேன்! எம்மாம் அகலம்!"

"இதெல்லாம் ஒரு ஆறா? போன தடவை வந்தப்ப ரெண்டு கரையும் தளும்பிட்டு ஓடிச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "அடேயப்பா, சூரியகாந்தி! கண்ணுக்கெட்டின மட்டும் மஞ்சளா இருக்கு."

"போன தடவை ஒவ்வொரு பூவும் தாம்பாளம் அகலம்."

ஒரு ஸ்டேஷனில் அவள் ஆசையாக டீ வாங்கினாள். போன தடவை டீ இதைவிடச் சூடு. ஒரு மலை வந்தது. போன தடவை மலை இதைவிட உயரம். மலை எப்படி ஐயா உயரம் குறைந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் மனுஷன்.

இரண்டாம் நாள் செண்பகவல்லி எதையும் காட்டவில்லை. களைத்துவிட்டாள் போல என்று நினைத்தார் சிற்றம்பலம். நோட்டைப் புரட்டினார். குறிப்பு முப்பத்தொன்று: களைப்புக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கவும். ஒரு பழத்தை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினார். அவள் அதை வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

காசியில் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பொழுது விடிந்ததும் அவள் நேராகக் குருவின் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுங்க."

"கங்கையைக்கூட இன்னும் பாக்கலையேம்மா?"

"எங்க சாமி பாக்கிறது? நான் இன்னும் காசிக்கே வரலை. அவரோட போன தடவைக்குள்ளதான் உக்காந்திருக்கேன்."

கதவுக்குப் பின்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்த சிற்றம்பலத்தின் காதில் அது விழுந்தது. நுரையைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் துணி மடிக்கப் போய்விட்டாள்.

"சாமி, இவகிட்டச் சொல்லணும்னுதானே ஒண்ணொண்ணையும் பாத்துப் பாத்து மனசுல வச்சேன்? இப்படிச் சொல்லிட்டாளே! நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

குரு சத்திரத்து மேனேஜரைக் கூப்பிட்டார். சாயங்கால வண்டிக்கு நிஜமாகவே ஒரு டிக்கெட் வரவழைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. முழுக்குப் போட்டுட்டு வருவோம்" என்றார் குரு.

படித்துறையில் சிற்றம்பலம் வழக்கம்போல இடது செருப்பை ஒரு படியிலும் வலது செருப்பைப் பத்துப் படி தள்ளியும் விட்டார். முழுகி எழுந்ததும் மூவரும் படகில் ஏறினார்கள். காசிக்கு வந்தவர்கள் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது வழக்கம். விட்டால் விட்டதுதான், ஆயுசுக்கும் தொடக்கூடாது.

"நீங்க எதை விடப்போறீங்க ஐயா?" என்று குரு கேட்டார்.

"கிவிப் பழம் சாமி."

"சாப்பிட்டிருக்கீங்களா?"

"கண்ணால பாத்ததோட சரி."

"போன தடவை?"

"துரியன் பழம். அதையும் சாப்பிட்டதில்லை."

"முதல் தடவை?"

"பாகற்காய். சின்ன வயசுலேர்ந்தே எனக்கு அது ஆகாது."

படகோட்டிக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்திருப்பான்.

"ருசிச்சதை இல்ல விடணும்?" என்றார் குரு.

சிற்றம்பலம் கலங்கிப்போனார். "காப்பியையா சாமி?"

"அதை விட்டா தண்டனை அம்மாவுக்கு. வழி நெடுக வாயில போட்டு மென்னுகிட்டே வந்தீங்களே, அதை விடுங்க."

"நான் வெத்திலைகூடப் போடறதில்லையே!"

குரு செண்பகவல்லி பக்கம் திரும்பினார். "அம்மா, ஐயா ஊர்லேர்ந்து வாயில எதைப் போட்டு மென்னுகிட்டு வந்தாரு?"

அவள் யோசிக்கவே இல்லை. "போன தடவை."

சிற்றம்பலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தண்ணீரைப் பார்த்தார். குருவின் இடுப்பில் டிக்கெட் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கங்கையை அள்ளி, வாய் திறக்காமல் விட்டார்.

விட்ட கையோடு சோதனை வந்தது. ஏறின துறைக்குத் திரும்பவேண்டிய படகை, "அந்தச் சிவப்புக் கோபுரத்துக்கிட்ட இறங்கலாமே" என்று செண்பகவல்லி வேறு துறைக்கு விடச் சொன்னாள். அங்கேயிருந்து சத்திரம் ரொம்பச் சுற்று என்பது சிற்றம்பலத்துக்குத் தெரியும். சொல்லவேண்டுமானால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியாகவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டு செருப்பும் பழைய துறையிலேயே பத்திரமாக இருந்தன. வெறுங்காலோடு நடந்தார்.

சந்து இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவள் இடது பக்கம் போனாள். அவர் தொண்டையில் ஒரு சத்தம் எழும்பி அடங்கியது.

"இருமலாய்யா?" என்றார் குரு.

"இல்லை சாமி."

சந்து இன்னொரு சந்தானது. எதிரே ஒரு காளை வந்தது. இடது பக்கம் ஒதுங்கு என்பது குறிப்பு அறுபத்து மூன்று. காளை அதைப் படித்திருக்கவில்லை போலிருக்கிறது. அதுவும் அதே பக்கம் ஒதுங்கியது. மூன்று பேரும் பக்கத்தில் திறந்திருந்த ஒரு வாசலுக்குள் விழுந்தடித்துப் புகுந்தார்கள்.

உள்ளே பெரிய முற்றம். தரை முழுக்க டீக்கடை மண் குவளைகள், ஆயிரக்கணக்கில், பச்சை மண்ணாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒருத்தி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்துச் சிரித்து, செண்பகவல்லிக்கு ஒரு மணையை நகர்த்திப் போட்டாள். இவள் தமிழில் கேட்க, அவள் இந்தியில் சொல்ல, ஐந்து நிமிஷத்தில் செண்பகவல்லியும் குவளை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன இடம்ங்க?" என்று அவள் கேட்டாள். பழக்க தோஷம்.

சிற்றம்பலம் வாயைத் திறந்தார். ஆறு தடவையில் எத்தனை குவளை டீ குடித்து வீசியிருப்பார்! அவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று அவருக்குத் தோன்றினதே இல்லை.

"தெரியலையே செண்பகம். நானும் ஊருக்குப் புதுசு."

அவள் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். ஊரை விட்டுக் கிளம்பினதிலிருந்து முதல் தடவையாக அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்க. சிற்றம்பலத்துக்கு ஏனோ கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குவளையைத் திருப்பினார். அது கையோடு உடைந்தது. குயவச்சி அவரை இந்தியில் திட்டினாள்.

சாயங்காலம் சத்திரத்து வாசலில் குரு டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"வண்டிக்கு நேரமாச்சும்மா."

செண்பகவல்லி அதை வாங்கிப் புடவைத் தலைப்பில் இறுக்கி முடிந்துகொண்டாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும் சாமி" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காப்பி கிடைக்குமா என்று பார்க்க உள்ளே போனாள். வண்டி அவள் இல்லாமலே போயிற்று.

சிற்றம்பலம் பெருமூச்சு விட்டுக் குருவின் பக்கத்தில் உட்கார்ந்தார். காலில் இரண்டு கொப்புளம்.

"சாமி, ஒரு சந்தேகம். விட்டது விட்டதுதானே?"

"ஆயுசுக்கும்."

"அப்போ அடுத்த தடவை இவளைக் கூட்டிட்டு வரும்போது, இது எனக்கு எத்தனாவது தடவைன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

குரு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அப்பவும் முதல் தடவைதானேய்யா."