அஞ்சாவது ஊசி

மகிழா, தலகாணிய ஒழுங்கா வை. காலை ஆட்டாத. நான் கதை சொல்றப்ப நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா அத்தை பாட்டுக்கு நிறுத்திட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன், எனக்கு இன்னைக்கு இடுப்பு வலி வேற. சரியா?

ம்.

மலை மேல ஒரு ஊர்ல ஒரு ஊசிக்காரி இருந்தா. பேரு வெள்ளைத்தாயி. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்குவா. சனி ஞாயிறு வந்துட்டா கரண்டியக் கீழ போட்டுட்டு ஊசிய எடுத்துருவா. அதுவும் ஐப்பசி மழை புடிச்சுட்டா அவளுக்குக் கை நிக்காது. அந்த ஊர்ல மேகம் வாசலோட நிக்காதுடி, நேரா வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அம்புட்டுக் குளிரு. அவ என்ன செய்வா, பழைய சேலை, பழைய வேட்டி எல்லாத்தையும் அடுக்கி வச்சு, சரக் சரக்குன்னு நூல் ஓட்டிப் போர்வை தைப்பா. எறும்பு வரிசையா போற மாதிரி இருக்கும் அவ தையல். ஒண்ணு முந்தாது, ஒண்ணு பிந்தாது. நானும் தைக்கிறேன்னு உக்காந்து பாத்தவதான், எனக்குப் போனது எறும்பு இல்ல, ஓணான். சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அப்புறம், ஒரு சனிக்கிழமை காலையில பக்கத்து வீட்டு சுருளியம்மா தலையில துண்டப் போட்டுக்கிட்டு ஓடியாந்தாங்க. அவுக மருமக முத்துப்பேச்சிக்கு எட்டாம் மாசத்துலயே பிள்ளை பொறந்துருச்சு. ரெண்டு கைக்குள்ள அடங்குற பிள்ளை. கீழ டவுன் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே இருபது நாள் வச்சிருந்தாங்க.

"நாளைக்குச் சாயங்காலம் அனுப்புறாங்களாம் வெள்ளைத்தாயி. குளிர் மட்டும் பட்டுறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. நம்ம ஊர்ல குளிர் படாம எங்கிட்டு வைக்கிறது?"

"மதினி, நாளைக்குச் சாயங்காலம் போர்வை இருக்கும். போங்க"ன்னா வெள்ளைத்தாயி. அவ்வளவுதான் பேச்சு.

ம்.

அந்த ஊர்ல பச்சப்பிள்ளைக்குப் புதுத்துணி போட மாட்டாங்க. ஏழு வீட்டுல பழைய துணி வாங்கித்தான் தைக்கணும். தொவைச்சுத் தொவைச்சு மெத்துன்னு ஆன துணியா இருக்கணும். வெள்ளைத்தாயி குடையப் புடிச்சுக்கிட்டு ஏழு படி ஏறி இறங்கினா. டீச்சர் வீட்டு மெல்லிசான வாயில் சேலை, ஒரு வீட்டு லுங்கி, ஒரு வீட்டுத் தாத்தா வேட்டி, இப்படி ஏழு. எல்லாத்தையும் வெந்நீர்ல அலசிப் புழிஞ்சா. அப்போதான் முதல் சோதனை வந்துச்சு. மழை! சோஓஓன்னு கொட்டுது. கொடியில போட்டா ஈரம் சொட்டுது, அடுப்புக்கு மேல போட்டாப் புகை நாறுது. ஈரத்துணியத் தைச்சாப் பிள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்.

அவ வீட்டுக்காரர் காசிமாயன் ஏலக்காத் தோட்டத்துல வேலை பாத்தார். அங்க ஏலக்கா காயவைக்க ஒரு ரூம் இருக்கும், உள்ள போனா வேனல் மாதிரி சூடு அடிக்கும். "குடு புள்ள"ன்னு ஈரத்துணிய எல்லாம் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. மத்தியானம் திரும்பி வந்தாரு. துணி மொறுமொறுன்னு காய்ஞ்சிருந்துச்சு. ஊரே பாயாசம் வைக்கிற மாதிரி ஏலக்கா வாசம்!

ம்ம்.

தூங்கிட்டியோன்னு பாத்தேன். கேளு. அப்புறம் வெள்ளைத்தாயி காலை நீட்டி உக்காந்தா. துணிய வெட்டி ஒட்டி, நாலு அடுக்கா மடியில விரிச்சா. அவளுக்கு அஞ்சு ஊசி. காசிமாயன் பக்கத்துல உக்காந்து அஞ்சுலயும் நூல் கோத்துக் கோத்துக் குடுப்பாரு. நூல் தீர்ந்தா ஊசிய வாங்கி மறுபடி கோப்பாரு. ஒரு வார்த்தை பேசிக்க மாட்டாங்க. ஜோடின்னா அப்படி இருக்கணும், உங்க மாமாகிட்ட டீத்தூள் எங்கன்னு கேட்டா ஒரு மணி நேரம் பேசுவாரு.

சனிக்கிழமை போச்சு, ஞாயிறு மத்தியானமும் வந்துச்சு. குழம்பு சொய்ங்னு பொங்குச்சு. "ஐயோ அடுப்பு!"ன்னு வெள்ளைத்தாயி எந்திரிச்சா பாரு, போர்வையும் கூடவே எந்திரிச்சுச்சு! அவ கட்டியிருந்த சேலையையும் சேத்து ரெண்டு வரிசை தைச்சு வச்சிருக்கா! அடுப்படிக்கு அவ போக, பின்னாடியே போர்வை சரசரன்னு போக, காசிமாயன் சிரிச்ச சிரிப்புல சுவர்ல இருந்த பல்லி டப்புன்னு விழுந்துருச்சு. இது ரெண்டாவது சோதனை. அவளும் சிரிச்சுக்கிட்டே ரெண்டு வரிசையையும் பிரிச்சு, ஓரத்த மடிச்சு, மறுபடி தைச்சா. மணி நாலுக்கெல்லாம் போர்வை முடிஞ்சுபோச்சு. இம்புட்டுக்கூண்டு போர்வை. அம்புட்டு அழகு.

அப்போ ஊசிய எல்லாம் எடுத்துத் துணி உருண்டையில குத்தினா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...

அஞ்சாவது ஊசியக் காணோம்.

ம்?

ஆமாடி, காணோம். வெள்ளைத்தாயி தரையக் கூட்டிப் பாத்தா, இல்ல. காசிமாயன் பழைய ரேடியோவ ஒடைச்சு அதுல இருந்த காந்தத்த எடுத்துப் போர்வை மேல தடவினாரு, பழைய காந்தம், வலு போயிருச்சோ என்னமோ, ஒண்ணும் ஒட்டல. அப்புறம் அவ போர்வையத் தரையில விரிச்சு, தன் கன்னத்த வச்சு அழுத்தி அழுத்தி இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் தேய்ச்சா. ஒண்ணும் குத்தல.

சுருளியம்மா வந்துட்டாங்க. "முடிஞ்சிருச்சா? குடு, ஜீப்பு மலை ஏறிருச்சாம்."

"மதினி, ஒரு ஊசியக் காணோம்."

"எங்கிட்டாவது விழுந்துருக்கும்டி. அதான் கன்னத்த வச்சுப் பாத்துட்டயில்ல?"

"பாத்தேன். குத்தல. ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலையே. தெரியாம நான் குடுக்க மாட்டேன்."

சொல்லிட்டுக் கத்திரியை எடுத்தா. சரக்! ரெண்டு நாள் தைச்சதை, எறும்பு வரிசைய, ஒவ்வொரு வரிசையா வெட்டிப் பிரிக்க ஆரம்பிச்சுட்டா. சுருளியம்மாவுக்கு வந்துச்சே கோவம்! "என் பேரன் குளிர்ல வாரான், நீ போர்வையக் கிழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க! நல்லா இருப்பியாடி நீ?" கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது அவுகளுக்கு. பாவம், பயம்டி அது, வேற ஒண்ணும் இல்ல. வெள்ளைத்தாயிக்கும் கண்ணு மறைக்குது, தொடைச்சுத் தொடைச்சுப் பிரிக்கிறா. எனக்கு அவளை நினைச்சா இப்பவும் கும்பிடணும்னு தோணும்.

டுர்ர்ர்ருன்னு ஜீப்பு வந்து நின்னுச்சு. முத்துப்பேச்சி இறங்கி, பிள்ளையத் தன் நெஞ்சோட ஒட்டி சேலைக்குள்ள சுத்திக்கிட்டு, நேரா வெள்ளைத்தாயி வீட்டு அடுப்புப் பக்கத்துல வந்து உக்காந்தா. "அத்தே, சத்தம் போடாதீங்க. என் மேல்சூடு போதும் இவனுக்கு. அக்கா பிரிக்கட்டும்"னா.

மூணு பக்கம் பிரிச்சாச்சு, இல்ல. நாலாவது பக்கம், கடைசி ஓரம். தாத்தா வேட்டி மடிப்ப விரிக்கிறா... அங்க இருக்கு! மத்தியானம் சிரிச்சுக்கிட்டே ஓரம் மடிச்சாள்ல, அப்போ மடிப்புக்குள்ள போனது, தையலோட ஒட்டி நீட்டமாப் படுத்துக் கிடக்கு. அதனாலதான் கைக்கும் தெரியல, கன்னத்துக்கும் தெரியல. நாலு தடவ தொவைச்சு மடிப்பு இளகினா, எங்க வந்து நின்னுருக்குமோ!

வெளிச்சத்துல தூக்கிக் காமிச்சா. மின்னுச்சு.

சுருளியம்மா மூக்கச் சிந்தினாங்க. மெதுவா வந்து வெள்ளைத்தாயி பக்கத்துல காலை நீட்டி உக்காந்தாங்க. "தம்பி, எனக்கும் ஒரு ஊசி கோத்துக் குடுங்க"ன்னு காசிமாயன்கிட்ட சொன்னாங்க. துணி குடுத்த வீட்டுல இருந்து இன்னும் ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. நாலு பேரு, நாலு பக்கம். சரக் சரக், சரக் சரக். ஒரு பக்கம் எறும்பு, மூணு பக்கம் ஓணான்! இருந்தா என்ன, ராத்திரிச் சோத்துக்கு முந்தி போர்வை மறுபடி முழுசாயிருச்சு.

ம்...

வெள்ளைத்தாயி ஊசிகளை உருண்டையில குத்தினா. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சரியா இருக்கு மதினி. இந்தாங்க"ன்னு போர்வைய நீட்டினா.

சுருளியம்மா கை நீட்டல. பேரனைப் பாத்தாங்க, போர்வையப் பாத்தாங்க, அப்புறம் அவளைப் பாத்தாங்க.

"இன்னொரு தடவ எண்ணு தாயி"ன்னாங்க.

எண்ணினாங்க, ரெண்டு பேரும் சேந்து. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு. அப்புறந்தான் வாங்கிப் பிள்ளையச் சுத்தினாங்க. அது ஒரு தடவ கொட்டாவி விட்டுச்சு, இம்புட்டு வாயத் தொறந்து. தூங்கிப்போச்சு.

கதை போர்வைக்குள்ள போயிருச்சு மகிழா, நீயும் போ. கண்ண மூடு.