வலமாக மட்டும் ஓடிய செய்தி

குன்றைச் சுற்றி ஆறு குடில்கள். ஆறிலும் இருந்த கணினிகளை ஒரே கம்பியில் கோத்து முடித்த அன்று ஆடலரசுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சும்மா இருக்கத்தான் ஐம்பத்து மூன்று வயதில் மடத்துக்கு வந்தார் மனிதர். முப்பது வருடம் வங்கிகளுக்குக் கம்பி இழுத்த கை சும்மா இருக்குமா? குன்றின் மறைவில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை என்று தெரிந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

குரு வான்மதி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். "என்ன செஞ்சிருக்கீங்க, சொல்லுங்க" என்றார்.

"வளையம், அம்மா! ஒண்ணாவது குடில் ரெண்டுக்குச் சொல்லும், ரெண்டு மூணுக்குச் சொல்லும். ஆறுக்கு அப்புறம் மறுபடி ஒண்ணு. கம்பி ரொம்பக் கொஞ்சம். முறை வந்தவங்கதான் பேச முடியும், அதனால ஒருத்தர் பேச்சுல ஒருத்தர் மோதிக்கவே மாட்டாங்க!"

"எந்தப் பக்கமா சுத்தும்?"

"வலமாத்தான். நம்ம வழக்கமாச்சே!"

அந்த மடத்தில் குன்றை இடமாகச் சுற்றி யாரும் ஓரடி வைத்ததில்லை. கடந்துவந்த குடிலில் குடையை மறந்தவர்கூட மூன்று மைல் சுற்றிப் போய்த்தான் எடுத்துவருவார்.

"நடுவுல ஒருத்தர் பேசலேன்னா?"

"ஏம்மா பேசாம இருக்கப்போறாங்க?"

குரு சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ஒன்றாவது குடிலில் விறகு அள்ளப்போன சமையற்காரி வெள்ளத்தாய் அலறினாள். கட்டுவிரியன். கடித்த காலை அசைக்கக் கூடாது. வைத்தியர்தான் வந்தாக வேண்டும். அவர் இருப்பது ஆறாவது குடிலில்.

ஆடலரசு கணினியில் தட்டினார்: 'பாம்புக்கடி. உடனே வரவும்.'

பதில் இல்லை. மறுபடி தட்டினார். இல்லை. எழுந்து ஓடினார், வலமாக.

இரண்டாவது குடிலுக்குச் செய்தி வந்திருந்தது. மூன்றாவதில் திரை இருட்டாகக் கிடந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த துறவி மணவாளர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அன்று அவருக்கு மௌன விரதம். தன்னோடு சேர்த்து எந்திரத்தின் வாயையும் அடைத்துவிட்டிருந்தார்.

"அடப் பாவி மனுஷா!" என்று கத்திவிட்டு ஆடலரசு மேற்கொண்டு ஓடினார். நான்கு, ஐந்து. மூச்சு இரைத்தது. ஆறாவது குடில் பூட்டிக் கிடந்தது. ஐயோ, தன் கம்பியை நம்பியா ஓர் உயிர் போக வேண்டும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஓடினார்.

அடுத்து வந்தது, புறப்பட்ட அதே ஒன்றாவது குடில். உள்ளே வைத்தியர் ஊசி போட்டு முடித்திருந்தார். வெள்ளத்தாய் கண்ணைத் திறந்து, "உலை பொங்குது, யாராச்சும் பாருங்களேன்" என்றாள்.

ஆடலரசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கு யார் சொன்னது?"

வைத்தியர் குருவைக் கைகாட்டினார். "நீங்க அந்தப் பக்கம் ஓடினீங்களாம். இவங்க இந்தப் பக்கமா வந்து நின்னாங்க."

ஆடலரசு தலையில் அடித்துக்கொண்டார். "வளையமே வேண்டாம், அம்மா. பிரிச்சுடறேன். நடுவுல ஒரு பெட்டி வச்சு, ஆறு குடிலுக்கும் தனித்தனியா கம்பி இழுத்துடறேன்."

"அந்தப் பெட்டி ஒரு நாள் மௌனம் இருந்தா?"

ஆடலரசு துள்ளி எழுந்தார். "ரெண்டு பக்கமும் ஓடணும்! இன்னொரு கம்பி, எதிர்ப்பக்கமா! ஒருத்தர் வாயடைச்சாலும் செய்தி திரும்பி வந்து அந்தப் பக்கமாப் போயிடும்! இன்னிக்கே போட்டுடறேன், அம்மா!"

வாசல்வரை போனவர் நின்றார். குரல் இறங்கியது.

"ஆனா... நானூறு வருஷமா யாரும் இடமாச் சுத்தினதில்லையே. நீங்களே சுத்திட்டீங்களே, அம்மா?"

குரு பொங்கிய உலையை இறக்கி வைத்தார்.

"நான் எங்க சுத்தினேன்? பக்கத்து வீட்டுக்குப் போனேன்."