தோணித்துறையில் கேட்ட ஆயிரம் பேர்

மாறபூபதி மகாராஜாவின் அவையில் விகடகவியாக இருந்த சொக்கப்பருக்குப் புலியிடம் பயமில்லை. மகாராஜாவிடமும் அவ்வளவாக இல்லை. தண்ணீரிடம் மட்டும் பயம். குளிக்கும்போதுகூடச் சொம்பைச் சற்றுத் தள்ளித்தான் பிடிப்பார்.

அவர் மகள் செங்கமலம் சுழியாற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் அப்பனுக்குப் பிறந்தவள். கல்யாணத்தன்று கண்ணைக் கட்டித் தோணியில் ஏற்றி அனுப்பியதோடு சரி, அப்புறம் ஆற்றங்கரைப் பக்கமே வரவில்லை. பேத்தி பிறந்து தவழத் தொடங்கிவிட்டது. தாத்தா இன்னும் முகம் பார்க்கவில்லை.

ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்று சொக்கப்பர் அவையில் கேட்டுக்கொண்டார்.

"சனங்கள் தோணிக்கு அஞ்சுகிறார்களா, விசாரித்து வாரும்," என்று மகாராஜா அமைச்சர் அனந்தப்பரை அனுப்பினார்.

அமைச்சர் தோணித்துறைக்குப் போனார். தோணியை விட்டு இறங்கியவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்டார். திரும்பி வந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆயிரம் பேரைக் கேட்டேன், மகாராஜா. ஒருவருக்கும் பயமில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் ஆயிரம் சோறு பார்த்துவிட்டேன்."

"ஆயிரமும் ஒரே பானையில் எடுத்தது, அமைச்சரே. பக்கத்து அடுப்பிலும் ஒரு பானை இருக்கிறது," என்றார் சொக்கப்பர்.

"உமக்கு நடுங்கினால் ஊருக்கே நடுங்குமோ? நீர் ஒரே ஒரு ஆள், ஓய்."

அவை சிரித்தது. சொக்கப்பரும் சிரித்து வைத்தார். அமைச்சர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தன் ஒருத்தன் தொடைநடுக்கத்தை வைத்து ஒரு நாட்டை அளக்க முடியுமா?

"அப்படியானால் நாளைக்கு அவையை அக்கரையில் கூட்டுங்கள், மகாராஜா. வந்தவர்களை நீங்களே கேளுங்கள்," என்றார்.

மறுநாள் ஆற்றில் புதுவெள்ளம். மகாராஜா தோணியேறி அக்கரை போனார். உச்சிவேளைக்குத் திரும்பி வந்தவர், கரையில் மருதமரத்தடியில் உட்கார்ந்திருந்த சொக்கப்பரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கரையில் ஒருவர் விடாமல் கேட்டேன், ஓய். ஒருவருக்கும் பயமில்லையாம். இப்போது என்ன சொல்கிறீர்?"

"அவர்கள் சொன்னது சத்தியம், மகாராஜா. பயந்தவர்கள் நாங்கள் இங்கேயல்லவா இருக்கிறோம். எங்களை யார் கேட்டார்கள்?"

மகாராஜா மரத்தடியைப் பார்த்தார். சேனாபதி பழைய போர்க்காயத்தை நீவிக்கொண்டிருந்தார். புரோகிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓர் ஓரத்தில் அனந்தப்பர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்.

"அமைச்சரே, நீருமா?"

"லேசான தலைசுற்றல், மகாராஜா. தோணியைப் பார்த்ததும் வந்தது."

மகாராஜா சிரித்த சிரிப்பில் மரத்துக் கொக்குகள் பறந்தன. அன்றே பாலத்துக்கு உத்தரவு பிறந்தது.

பாலம் முடிந்த நாளில் முதலில் நடக்கும் மரியாதை சொக்கப்பருக்கு. அக்கரையில் செங்கமலம் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். சொக்கப்பர் ஓர் அடி வைத்தார். கீழே பார்த்தார். வைத்த அடியை எடுத்துக்கொண்டார்.

"மகாராஜா, இது உறுதிதானா? யாரையாவது கேட்டீர்களா?"

"பாலத்தின்மேல் நிற்கிற கொத்தர்களை எல்லாம் கேட்டாயிற்று," என்றார் மகாராஜா, சிரிக்காமல். "ஒருவர்கூட விழவில்லையாம்."

சொக்கப்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார். அக்கரை போய்ப் பேத்தியைக் கையில் வாங்கிய பிறகு யாராவது கேட்டால், தானும் பயமே இல்லை என்றுதான் சொல்லப்போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.